நூற்று அறுபதாம் எண் இடைவெளி

தங்கையின் கணவர் உட்கார்ந்திருந்த நாற்காலியோடு தெருமுனை வரை இழுபட்டு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு. முன்னால் தங்கை துணிப்பையோடு வேகமாக நடந்துகொண்டிருந்தாள். பன்னிரண்டடி பின்னால் அவர், கையில் செய்தித்தாள், காலில் ஒற்றைச் செருப்பு. அவள் நின்றால் நாற்காலியும் நின்றது. மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார், ஜோடியா கிளம்பிட்டீங்க?" என்றார். கணவர் வழக்கம்போல் இருவருக்கும் சேர்த்தே பதில் சொன்னார்: "சும்மா, காத்தாட." தங்கை வீட்டுக்குத் திரும்பினாள்.

இதற்குக் காரணம் அக்கா. அச்சகத்தில் கணினியில் பக்கம் அமைப்பது அவள் வேலை. இரண்டு நாள் முன்பு தங்கை அவள் சமையலறையில் நின்று, சட்டைக்கையைச் சுருட்டி மணிக்கட்டில் நீலம் பாய்ந்திருந்ததைக் காட்டி, "செவ்வாக்கிழமை போயிடறேன்க்கா" என்றிருந்தாள்.

"கொஞ்சம் பொறுத்துப் பாரு. நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"அந்த நாலு பேரையே வந்து அவரோட இருக்கச் சொல்லு."

மறுநாள் தங்கையின் தெருவில் குடியிருப்போர் பட்டியல் அச்சுக்கு வந்தது. கணவர் பெயர், ஒரு இடைவெளி, மனைவி பெயர். பத்தி குறுகலாக இருந்ததால் தங்கையின் பெயர் மட்டும் தனியே அடுத்த வரிக்கு இறங்கியிருந்தது. இதற்கு அச்சகத்தில் வழி உண்டு. சாதாரண இடைவெளிக்குக் கணினியில் முப்பத்திரண்டு என்று எண். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு வலப்பக்க எண்களில் 0160 என்று தட்டினால் வேறோர் இடைவெளி விழும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் இதற்கு இருபுறமும் உள்ள சொற்கள் பிரியாது. இடம் போதாவிட்டால் சேர்ந்தே அடுத்த வரிக்குப் போகும். ‘புருஷன் பொண்டாட்டி ஸ்பேஸ்’ என்று அச்சகத்தில் கிண்டல் செய்வார்கள். அக்கா அதைத் தட்டினாள். வேலைக்காகச் செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பட்டியலில் வரி உடைந்த வீடுகள் பதினான்கு. அவள் ஒட்டியது ஒன்றைத்தான்.

அதன்பின் ஆறு வருடம் அவர் அலுவலகம் போனால் தங்கை அங்கே நடைபாதை பெஞ்சில் இருந்தாள். அவள் பல் பிடுங்கப் போனால் அவர் பக்கத்து நாற்காலியில் இருந்தார். என்ன அந்நியோன்னியம் என்று தெருவே மெச்சியது. அக்கா தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். ஒவ்வொரு வருடமும் அதே கோப்பைத் திறந்து, புதிதாக வந்தவர்களைச் சேர்த்து, போனவர்களை நீக்கினாள். அந்த வரி வந்ததும் தாண்டிப் போனாள். திருத்தினால், செய்தது தான்தான் என்று ஆகிவிடும்.

ஏழாம் வருடம் தங்கை நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். எங்கே வலிக்கிறது என்று மருத்துவர் அவளைக் கேட்டார். ஸ்டூலில் இருந்த கணவர், "வலியெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றார். அக்கா எழுந்து நேரே அச்சகத்துக்குப் போனாள். அச்சில் வராத மறைகுறிகளைத் திரையில் காட்டும் பொத்தானை அழுத்தியதும் இடைவெளிகளெல்லாம் புள்ளிகளாகத் தெரிந்தன. ஒன்று மட்டும் சின்ன வட்டம். அதை அழித்துவிட்டுச் சாதாரண இடைவெளியைத் தட்டினாள். தங்கையின் பெயர் கீழே இறங்கியது. அதே நேரம் வார்டில் கணவர் டீ குடித்துவிட்டு வருவதாக எழுந்து போனார். திரும்பி வரவில்லை. யாரும் தேடவுமில்லை.

சாயங்காலம் அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். தங்கை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர்தான் ஏதோ பண்ணிட்டாருன்னு இத்தனை நாளா நெனச்சிட்டிருந்தேன். அதை மாத்த எவ்வளவு நேரம் ஆச்சுக்கா?"

"ரெண்டு தட்டு."

மறுநாள் காலை மருத்துவர் வந்து, எங்கே வலிக்கிறது என்று மறுபடி கேட்டார். இந்தத் தடவை தங்கையே சொன்னாள். சொல்லி முடியவும் மூச்சு முடியவும் சரியாக ஒன்பது நாள் ஆனது. செவிலியர்கள் முறைவைத்து எழுதிக்கொண்டார்கள். தாள் தீர்ந்தால் வேறு தாள் வந்தது. அக்காவைப் பற்றிய பகுதி ஏழாம் நாள் மதியம் வந்தது. அதையும் எழுதிக்கொண்டார்கள். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள். ஓரிடத்தில்கூடக் குறுக்கே பேசவில்லை.