ஒன்பது பற்கள் முளைத்த கை

தம்பி அடித்து உடைத்த பற்கள் தரையில் விழுவதில்லை. அவனுடைய வலது கை முட்டியிலேயே வேர்பிடித்து நின்றுவிடும். முதல் பல் நின்றபோது அவனுக்கு இருபத்திரண்டு வயது. குடியிருப்பவர்களை மிரட்டி வீடு காலி செய்துகொடுப்பது அவன் தொழில். அன்றைக்குக் கிளம்ப மறுத்த ஒரு தையல்காரரின் வாயில் குத்திவிட்டுக் கையை உதறினான். ரத்தம் போயிற்று, பல் போகவில்லை. வீட்டுக்கு வந்து அக்காவிடம் கையை நீட்டினான். அக்கா பல் மருத்துவம் படித்தவள். படித்தது வேறு நாட்டில் என்பதால் இங்கே உரிமத் தேர்வில் தேறினால்தான் வைத்தியம் பார்க்க முடியும். இரண்டு முறை தோற்றுவிட்டு ஒரு கிளினிக்கில் கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கையை விளக்கடியில் திருப்பிப் பார்த்தவள், "மேல்தாடை, வலது பக்கம், நடு வெட்டுப்பல்" என்றாள். பிறகுதான், "யாரைடா அடிச்சே?" என்று கேட்டாள்.

மூன்று வருடத்தில் ஒன்பது பற்கள் சேர்ந்தன, ஆளுக்கு ஒன்று. அவற்றைச் சுற்றி இளஞ்சிவப்பாக ஈறும் கட்டியது. பல்லோடு குத்து விழுந்ததில் ஒரு குழாய்க்காரரின் கன்னம் காது வரைக்கும் கிழிந்தது, பதினேழு தையல். தம்பி இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டான். சாப்பிடும் நேரத்தில் வலது கையை அக்காவின் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுவான். கோரைப்பல்லின் வேர் எவ்வளவு நீளம், ஈறு எத்தனை மில்லிமீட்டர் இறங்கினால் நோய் என்பதையெல்லாம் அவள் அந்தக் கையில்தான் படித்தாள். புத்தகத்துப் படங்களைவிட அது தெளிவாக இருந்தது. அப்படித் தோன்றியதில் அவளுக்கு வெட்கம்தான். வெட்கப்பட்டுக்கொண்டே படித்தாள்.

கையில் நின்ற பல் கையின் சொந்தமாகவில்லை என்பது பிறகு தெரிந்தது. தம்பி ஒருவனைக் குத்தும்போதெல்லாம் ஊரின் வெவ்வேறு மூலைகளில் பல்லைப் பறிகொடுத்தவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். தையல்காரர் விரலில் ஊசியை ஏற்றிக்கொண்டார். பள்ளிப் பேருந்து ஓட்டுநர் விளக்குக் கம்பத்தில் மோதினார். இல்லாத பல் வலிக்கிறது என்று ஒரே நாளில் ஐந்து பேர் அக்காவின் கிளினிக் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, பேச்சுக் கொடுத்து, அடித்தவன் ஒருவனே என்று கண்டுபிடித்தார்கள்.

ஒரு ஞாயிறு மத்தியானம் எட்டுப் பேர் இரும்புக் கம்பியும் வெட்டுக்கத்தியுமாக வீட்டுக்குள் நுழைந்தார்கள். தம்பியின் முழங்காலை முதலில் உடைத்தார்கள். பிறகு அவனை இழுத்துவந்து சாப்பாட்டு மேசைமேல் கையை அழுத்திப் பிடித்தார்கள். குழாய்க்காரர் கம்பியை ஓங்கிக் கை முட்டியில் நின்ற பற்கள்மேல் இறக்கினார். எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் அலறிக்கொண்டு தரையில் சுருண்டார்கள். தம்பியும் கத்தினான், அவன் பயத்தில் கத்துவதாக எல்லோரும் நினைத்தார்கள்.

"வெட்டினா உங்களுக்குத்தான் வலிக்கும்" என்றாள் அக்கா. "கிளினிக் சாவி என்கிட்ட இருக்கு. அவங்கவங்க பல்லை அவங்கவங்க வாயிலேயே வெச்சுத் தரேன், வாங்க."

"உனக்கு லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்டார் ஓட்டுநர்.

"இல்ல."

தையல்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "நான் முதல்ல உக்கார்றேம்மா" என்றார்.

கிளினிக்கில், தம்பியின் கையில் போட்ட மரப்பு ஊசி பலிக்கவில்லை. சொந்தக்காரரின் தாடையில் போட்டால் கையிலிருந்த பல் மரத்துப்போயிற்று. அக்கா ஒவ்வொரு பல்லையும் மேல்பாகத்தில் மட்டும் பிடித்து, வேரைத் தொடாமல் கழற்றினாள். வாயில் பழைய குழி எலும்பு மூடிக் கிடந்தது. துளையிட்டு, பல்லைப் பொருத்தி, பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் கட்டினாள். வேர் ஒரு மணி நேரம் காய்ந்தால் பல் பிழைப்பது கஷ்டம் என்பது பாடம். இவை ஒரு நிமிடம்கூடக் காயவில்லை. தம்பியின் கையிலிருந்து ரத்தம் வாளியில் சொட்டிக்கொண்டே இருந்தது. சாயங்காலத்துக்குள் எட்டுப் பேரும் உதடு மரத்து, வார்த்தை குழறி வீட்டுக்குப் போனார்கள்.

சுண்டுவிரல் முட்டியில் இருந்தது ஒன்பதாவது பல். உயிர் இருக்கிறதா என்று பார்க்க அக்கா அதன்மேல் குளிர்ந்த பஞ்சை வைத்தாள். தம்பி நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டான்.

"இது உனக்கே வலிக்குதா? எத்தனை நாளா?"

"போன மழைக்காலத்துல இருந்து."

"யாருது?"

அவன் சுவரைப் பார்த்தான். "ஒரு பெரியவர். தபால்காரரா இருந்தவராம். அடிச்சதுல மாடிப்படியில உருண்டுட்டார். ரெண்டு மாசம் படுக்கையிலேயே கிடந்தார். ஒரு விடிகாலை எனக்கு வலி ஆரம்பிச்சுது. அவர் போயிட்டார்னு அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு."

வலியை வாங்கிக்கொள்ள அந்தப் பக்கம் ஆள் இல்லை. ஊசி போடவும் தாடை இல்லை. தம்பி, "மரக்காட்டியும் பரவால்ல, புடுங்கிடுக்கா, தாங்கல" என்று அழுதான். அக்கா இடுக்கியை எடுத்தாள். பல்லைப் பிடித்தும்விட்டாள். சம்மதம் இல்லாமல் ஒருவர் பல்லில் கை வைக்கக் கூடாது என்று எத்தனையோ முறை மனப்பாடம் செய்திருந்தாள். ஆனால் அப்போது அவள் கையை நிறுத்தியது மனப்பாடம் இல்லை, தம்பிமேல் வந்த அருவருப்பு. இடுக்கியைத் தட்டில் போட்டாள்.

"அவர் வீட்டுல போய்க் கேட்டுட்டு வா. அவங்க சரின்னா எடுக்கறேன்."

உடைந்த முழங்காலோடு அவன் போனான். பெரியவரின் மனைவி கதவைத் திறந்து, ஆளை அடையாளம் கண்டு, செருப்பைக் கழற்றி அடித்தாள். அது அறுந்ததும் விளக்குமாற்றால் அடித்தாள். அவன் முகத்தை மறைக்கவில்லை. அவள் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது அவன் கையை நீட்டினான். அந்தம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். ஓரத்தில் புகையிலைக் கறை இருந்தது.

"அவரோடதுதான்" என்றாள். "இருக்கட்டும். எடுக்கக் கூடாது."

கிளினிக் டாக்டர் மறுநாளே அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார். மூன்றாவது முறை தேர்வு எழுதி அவள் தேறினாள். தெருமுனையில் சொந்தமாகப் பலகை மாட்டினாள். தம்பி அங்கே தரை துடைக்கிறான், நொண்டிக்கொண்டு. ஞாயிறு காலையில் அந்தம்மா வருவாள். கை கழுவும் தொட்டியருகே அவன் நிற்பான். அவள் அவன் கையைப் பிடித்து அந்த ஒரு பல்லை மேலும் கீழுமாகத் தேய்ப்பாள். "பின்பக்கம் பாரு, எப்படிக் காரை புடிச்சிருக்கு" என்று திட்டுவாள். முதல் வாரம் அவன் வெந்நீர் கேட்டுப் பார்த்தான். அவள் பச்சைத் தண்ணீரைத்தான் திறந்துவிட்டாள். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். பிரஷ்ஷை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்று அக்கா சொன்னாள். அந்தம்மா மாற்றினாள்.