ஏலத்தில் முதல் கேள்வி

ஒருத்தரும் கேட்காமல் போய்விட்டால் என்ன செய்வது? உலகத்துக்கே விரித்துக் காட்டி, அத்தனை நாட்டுக்காரனும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய்விட்டால்? விற்காத மீனையாவது பூனைக்குப் போடலாம். இந்த அவமானத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

பஞ்சாலை இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. டிபன் கேரியரின் பித்தளைக் கைப்பிடியைப் புளி வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மகள் குணவதி எதிரே உட்கார்ந்து, இரவல் வாங்கி வந்த கேமராவில் பிலிம் சுருளை மாட்டிக்கொண்டிருந்தாள்.

நாலு அடுக்கு மங்குப் பாத்திரம் அது. பச்சைப் பூச்சு, ஒவ்வோர் அடுக்கிலும் சிவப்பு ரோஜா. எழுபதுகளில் பங்களா துரை சீமைக்குத் திரும்பியபோது தட்டுமுட்டுச் சாமான்களை எல்லாம் ஏலம் விட்டுவிட்டுப் போனார். பஞ்சாலையின் புருஷன் ஆறுமுகம், வேலை வாங்கும் மண்டோருக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற ஒரே வீம்பில் விலையை ஏற்றி இதை வாங்கி வந்தார். வாங்கி என்ன? விடியுமுன் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவப் போகிறவளுக்கு ஒரு டின்னும் ஒரு பாட்டிலும் போதும். நாலு அடுக்கில் பரிமாறிக்கொண்டு போக அவள் என்ன துரைசானியா? பாத்திரம் பரண்மேல் ஏறியது. ஆறுமுகம் காலமான பிறகும் இறங்கவில்லை. அவளுக்கு அதன்மேல் பாசமும் கிடையாது, கோபமும் கிடையாது. தீபாவளிக்குத் தீபாவளி தூசி துடைப்பதோடு சரி.

இப்போது லிங்கிப் பக்கத்தில் இருந்த அந்தத் தோட்டத்தையே விற்றுவிட்டார்கள். வீடுகள் கட்டப் போகிறார்களாம். லயத்தில் குடியிருந்த தொழிலாளிக் குடும்பங்களுக்குச் செனாவாங்கில் வரிசை வீடு ஒதுக்கியிருந்தது. அங்கே பரண் கிடையாது. பஞ்சாலைக்கு வேலையும் கிடையாது. அங்கேயே தங்கி குணவதி வேலை பார்க்கும் தொழிற்சாலையின் கேண்டீனில் தட்டுக் கழுவ ஆள் கேட்டிருந்தார்கள். மாதம் பிறந்ததும் வந்து நிற்கச் சொல்லியிருந்தார்கள்.

அதற்குள்தான் குணவதி இந்த யோசனையோடு வந்தாள். தொண்ணூற்றொன்பதாம் வருடம் அது. செனாவாங் கடைவரிசையில் நஜிமுதீன் என்பவர் கம்ப்யூட்டர்களை வரிசையாக அடுக்கிக் கடை திறந்திருந்தார். ஷிப்ட் முடிந்தால் குணவதி அங்கேதான் கிடப்பாள்.

"இண்டர்நெட்ல லெலோங் போடலாம்மா. பழசுன்னா வெளிநாட்டுல உசுரையே விடுறாங்க."

"ஏய், மெதுவாப் பேசு. லெலோங் லெலோங்னு கத்தாத. பக்கத்துல மாரியம்மா காதுல விழுந்துச்சுன்னா, பேங்க்காரன் வந்து நம்ம சாமானத் தூக்கி வெளிய போட்டுட்டான்னு லயம் பூரா சொல்லிட்டு வந்துருவா."

"அப்ப என்னான்னு சொல்றதாம்?"

"ஏலம்னு சொல்லு. கோயில் சாமானையே ஏலந்தானே விடுறாங்க. அதுல ஒரு மரியாதை இருக்குலா."

அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தது அவளேதான். பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் அதுவே வித்து.

மாரியம்மாவின் காதில் எப்படியும் விழுந்தது. பொழுது சாய்வதற்குள் கண்ணாடிக் கூண்டு வைத்த ஒரு காண்டா விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் ராக்கம்மா, முள் நின்றுபோன சுவர்க்கடிகாரத்தோடு.

"ஒன்னோடது வெல போச்சுன்னா எங்களோடதையும் போட்டு விடுக்கா. ஒனக்கு ஒரு பங்கு எடுத்துக்க. சும்மா ஒன்னும் வேணாம்."

அவர்கள் போன பிறகு பஞ்சாலை அந்த வார்த்தையை மெல்ல மென்றாள். ஒரு பங்கு. காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பிரட்டுக்களத்தில் தன் பெயரை ஒருவர் கூப்பிடக் காத்திருந்தே வயது போய்விட்டது. இனிக் கேண்டீனில் வேறொருவர் கூப்பிடுவார். இந்த ஒரு பாத்திரம் முகம் தெரியாத ஒருவரிடம் விலை போய்விட்டால், மற்றதும் போகும். லயம் காலியாகிக்கொண்டிருக்கிறது, வீட்டுக்கு வீடு வேண்டாத சாமான். அதைத் துலக்கி, படம் பிடித்து, கட்டி அனுப்புகிற வேலை தன் வேலையாகிவிடும். யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியதில்லை. விலை போகாவிட்டால் மாதம் பிறந்ததும் தட்டுக் கழுவப் போக வேண்டியதுதான்.

நினைத்ததைவிடப் பாடு அதிகமாக இருந்தது. படத்தைக் கழுவச் சிரம்பானுக்கு ஒரு பயணம். முதல் சுருளில் பாத்திரம் தெரியவில்லை, பாத்திரத்தில் தெரிந்த குணவதியின் மூக்குதான் தெரிந்தது. மறுபடி பிடித்தார்கள். நஜிமுதீன் படத்தை இயந்திரத்தில் வைத்துக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றுவதற்குள் பஞ்சாலைக்குக் கால் மரத்துவிட்டது. அவள் சொல்லச் சொல்ல குணவதி ஆங்கிலத்தில் தட்டினாள்.

"மூனாவது அடுக்குக்கு அடியில ஒரு சொட்டை இருக்குன்னு போடு."

"அத ஏம்மா போடுற? அடியைத் திருப்பி யாரு பாக்கப் போறா?"

"நான் பாத்தேன்ல."

நஜிமுதீன் சிரித்துவிட்டார். "போடு தங்கச்சி. அம்மா சொல்றதுதான் சரி. கையில வாங்கின பொறவு திட்டு வாங்குறதுக்கு, இப்பவே சொல்லிறலாம்."

போட்டார்கள். ஒருவரும் கேட்கவில்லை. சில்லறைக் கடைத் தொலைபேசிக்கு குணவதி கூப்பிடும்போதெல்லாம் அதே பதில். "இன்னும் இல்லம்மா. இருக்குலா நாளு." ராக்கம்மா கேட்டாள், மாரியம்மா கேட்டாள், கடைக்காரரே கேட்டார். கெமாஸில் இருக்கும் அண்ணன் அமிர்தலிங்கம் நலம் விசாரிக்கக் கூப்பிட்டபோது மனசு பொறுக்காமல் சொல்லிவிட்டாள். "ஏலம் போட்டிருக்கேண்ணே. கேக்க நாதியில்ல."

அந்தப் பக்கம் அவர் பென்சில் தேடுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "எங்க போட்டிருக்க, தெளிவா எழுதிக்கிற மாதிரி சொல்லு" என்றார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற மனிதர் சும்மா கேட்கிறார் என்று நினைத்துச் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் குணவதி கூப்பிட்டாள், மூச்சு வாங்கியது. "அம்மா, ஹாலந்துல ஒரு அம்மா ஏலம் கேட்டிருக்காங்க! சின்ன வெலதான். ஆனா ஒன்னு கேட்டு எழுதியிருக்காங்க. மூடி இறுக்கமா இருக்குமா, கொழம்பு ஊத்துனா ஒழுகுமான்னு."

"எனக்கு எப்படித் தெரியும்? ஊத்துனாத்தானே. இரு, பாத்துட்டு சொல்றேன்."

நாலு அடுக்கிலும் தண்ணீர் ஊற்றி, கைப்பிடியைப் பூட்டி, லயத்து வாசலில் அந்தக் கடைசிக்கும் இந்தக் கடைசிக்கும் நடந்தாள். மாரியம்மா வாசற்படியில் நின்று, "என்னக்கா, தண்ணியைத் தூக்கிட்டு உலாத்தப் போறியா?" என்று சிரித்தாள். பஞ்சாலைக்கும் சிரிப்பு வந்தது. பாவாடை நனையவில்லை. ஆனால் அவள் மனத்தில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. எங்கேயோ ஒரு பெண், தன் ஊர் பெயர் தெரியாதவள், யார் மகள் யார் பெண்டாட்டி என்று தெரியாதவள், தன்னிடம் ஒன்றைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறாள். தான் சொன்னால் நம்பப் போகிறாள். இத்தனை வயதுக்கு இது புதிது. அவளுக்குக் கிடைத்ததெல்லாம் உறவில் கிடைத்தவை. அப்பா பார்த்துச் செய்தது, புருஷன் வாங்கி வந்தது, அண்ணன் சீராகக் கொடுத்தது. உறவு என்ற உறையைக் கழற்றிவிட்டு அவளை யாரும் தொட்டதில்லை.

"ஒழுகலைன்னு எழுது" என்று குணவதியிடம் சொன்னாள். "நாலாவது மூடி மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அழுத்தி மூடணும்னு போடு."

அதன் பிறகு ஏலம் சூடு பிடித்தது. இன்னொருவர் நுழைந்தார், பெயருக்குப் பதிலாக வெறும் எழுத்தும் எண்ணும். ஹாலந்து அம்மாள் கொஞ்சம் ஏற்றினாள். அவர் உடனே மேலே போனார். மறுபடி அவள், மறுபடி அவர். கடைசியில் ஹாலந்து அம்மாள் நின்றுவிட்டாள். அந்த எழுத்தும் எண்ணும் ஜெயித்தது, நம்பவே முடியாத விலையில்.

மாரியம்மா விளக்கைத் துடைக்கத் தொடங்கிவிட்டாள். ராக்கம்மா கடிகாரத்துக்கு முள் வாங்கப் பசாருக்குப் போனாள். பஞ்சாலை மட்டும், ஹாலந்துப் பெண் நின்றுபோனதை நினைத்து லேசாக வருந்தினாள். ஆனாலும் சந்தோஷம்தான். கேண்டீனுக்கு வரவில்லை என்று சொல்லிவிடும்படி மகளிடம் சொல்ல வாயெடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு டாக்சி லயத்து முன்னால் வந்து நின்றது. பட்டுக்கரை வேட்டியும் தோளில் துண்டுமாக அமிர்தலிங்கம் இறங்கினார். கையில் தாம்பாளம். அதில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், நடுவில் ஓர் உறை. கோயில் ஏலத்தில் எடுத்தவர் சாமானை வாங்கிக்கொள்ள எப்படி வருவாரோ அப்படி வந்தார்.

"எங்க என் பாத்திரம்?" என்றார், வாயெல்லாம் சிரிப்பாக.

குணவதிக்குத்தான் முதலில் புரிந்தது. "மாமா... அது நீங்களா?"

"பின்ன? என் மகன்தான் கம்ப்யூட்டர்ல தட்டினான். நான் பக்கத்துல நின்னு ஏத்துடா ஏத்துடான்னு சொன்னேன். ஹாலந்துக்காரி விடாக்கண்டி போல! நான் கொடாக்கண்டன்ல?"

"ஐயோ மாமா, அது வாங்குறதுக்குக் கேக்கணும்!"

"வாங்கத்தானே வந்திருக்கேன்! கெமாஸ் கோயில்ல பாரு. ஒரு வீட்டுல சாமிக்குச் சாத்துன சேலை ஏலத்துக்கு வந்தா, முதக் கேள்வி அந்த வீட்டுப் பங்காளி கேப்பான். மச்சான்காரன் ஏத்துவான். கேக்க ஆளில்லாம ஒரு சாமான் நின்னுச்சுன்னா குடுத்தவங்களுக்குக் கொறச்சல் இல்லையா? ஒன் அம்மா போன்ல நாதியில்லன்னுச்சு. நான் உசுரோட இருக்கையில என் தங்கச்சிக்கு நாதியில்லையா?"

 பஞ்சாலை அண்ணனுக்கு முக்காலியை இழுத்துப் போட்டாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள்; வரவில்லை. கண்தான் நிறைந்தது. இந்த மனிதர் கெமாஸில் இருந்து தாம்பாளத்தோடு வந்திருக்கிறார். இதைவிட ஒரு தங்கைக்கு என்ன வேண்டும்? ஆனால் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது இது அல்ல. அண்ணன் தன்னைத் தாங்குவார் என்பது பிறந்ததில் இருந்தே தெரியும். முன்பின் தெரியாதவர் தாங்குவாரா என்பதுதான் தெரிய வேண்டியிருந்தது.

"குணா, அந்த ஹாலந்து அம்மா இன்னும் இருக்காளா?"

"இருக்காங்க. எடுத்தவங்க வேணான்னா எனக்குச் சொல்லுங்கன்னு நேத்துகூட எழுதியிருந்தாங்க. அவங்க கடைசியாக் கேட்டதே நல்ல வெலதாம்மா."

"கடைசி வெல வேணாம். அது மாமா ஏத்தி விட்டது. அவ மொதல்ல கேட்டாளே, மாமா வர்றதுக்கு முந்தி, அதுக்குத் தர்றேன்னு எழுது."

"அது ரொம்பக் கம்மிலா! பஸ்ஸு, படம், தபாலு எல்லாம் போனா கையில என்னா நிக்கும்?"

"ஏதோ நிக்கும்ல?"

"நிக்கும்... கொஞ்சூண்டு."

"அது போதும். இப்பத்தான் வேல படிச்சிருக்கோம். அடுத்ததுல அலைச்சல் கொறையும். ஒரே சுருள்ல மாரியம்மா விளக்கையும் ராக்கம்மா கடிகாரத்தையும் சேத்துப் புடிச்சிரலாம்."

சொல்லும்போதே அந்தக் கொஞ்சத்தின் கனம் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. சின்னதுதான், ஆனால் அதில் யாருடைய தயவும் ஒட்டியிருக்கவில்லை.

அமிர்தலிங்கம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு போய்விட்டது. "என்னா பேசுறீங்க? நான் கேட்டது வெலையில்லையா? காச எடுத்துட்டு வந்திருக்கேன்லா."

"வெலதாண்ணே. யாரு இல்லன்னா? ஆனா அது எனக்குப் போட்ட வெல. பாத்திரத்துக்குப் போட்டது இல்ல."

 தங்கை இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"சரி, இது போகட்டும். மாரியம்மாவோட விளக்கப் போடப் போறியாமே? அதுக்காச்சும் முதக் கேள்வி நான் கேக்குறேன். எங்க கோயில் கமிட்டியில நாலு பேரு இருக்காங்க, சும்மா ஏத்தி மட்டும் விடுவாங்க. வெளியாளு வந்து எடுத்துக்கட்டும், நாங்க எடுக்கல. நம்ம சாமான் ஒத்தையா நிக்க வேணாம்னுதான். சரின்னு ஒரு வார்த்த சொல்லு, பஞ்சா."

பஞ்சாலை தாம்பாளத்தை மடியில் வாங்கினாள். வெற்றிலையையும் வாழைப்பழத்தையும் எடுத்து முறத்தில் வைத்தாள். உறையைத் தொடவில்லை. அது மட்டும் கிடந்த தாம்பாளத்தை அண்ணன் பக்கமாக மெதுவாகத் திருப்பி வைத்தாள்.

"வேணாண்ணே" என்றாள். "ஒத்தையாவே நிக்கட்டும்."