காடை முட்டை ஊறுகாய்

யூனுஸ் தையல் நூலை முட்டையின் நடுவில் ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு முனைகளையும் எதிரெதிராக இழுத்தார். கத்தியால் வெட்டினால் மஞ்சள் கரு அலகில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். நூல் எதையும் கலைக்காது. காடை முட்டை சத்தமில்லாமல் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெள்ளைக் கருவின் விளிம்பில் பீட்ரூட் சாயம் மெல்லிய வளையமாக உள்ளே இறங்கியிருந்தது. அதற்குள் இன்னும் வெள்ளை. அதற்கும் உள்ளே மஞ்சள்.

"பாதி வந்திருக்குது," என்றார்.

"எதுல பாதிங்க மச்சான்?" ரிஃபத் கேட்டாள். நஃபீசாவின் தங்கை. விடிந்ததும் சூலூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள்.

"வெள்ளையில பாதி. சாயம் மெதுவாத்தான் போகும். புளிப்பு அதுக்குக் கொஞ்சம் முன்னாடியே போயிருக்கும். நாளைக்குச் சாயங்காலம் முழுசா இறங்கிரும்."

"நாளைக்குங்களா?"

ரிஃபத் முன்னறைப் பக்கம் திரும்பினாள். அங்கே அவளுடைய அக்காள் மூச்சு விடுவது சமையல்கட்டு வரை கேட்டது. இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்து.

ஆஸ்பத்திரியிலிருந்து நஃபீசாவை வீட்டுக்குக் கொண்டுவந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது. இனிமேல் வலிக்கு மட்டும்தான் மருந்து என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். தினமும் வந்து பார்க்கும் நர்ஸ் நவ்யா, திங்கட்கிழமை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "ரெண்டு நாளோ மூணு நாளோங்க ஐயா. வரவேண்டியவங்களுக்குச் சொல்லிப்போடுங்க," என்று தணிந்த குரலில் சொன்னாள். அதே திங்கட்கிழமைதான் நஃபீசா முட்டை ஊறுகாய் கேட்டாள்.

மருந்துகள் அவள் நாக்கை அடித்துப்போட்டிருந்தன. எதைக் கொடுத்தாலும் மண் மாதிரி இருக்கிறது என்பாள். "அது இருந்தா நாக்கு எந்திரிக்கும்ங்க," என்றாள் அன்றைக்கு.

போத்தனூரில் அவளுடைய அத்தா தையல்காரர். ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண்களுக்குக் கவுன் தைத்துக் கொடுப்பார். அங்கே ஒரு ஆங்கிலோ இந்திய அம்மா கிறிஸ்துமஸுக்கு வினிகரில் முட்டை ஊறவைத்து, தையல்காரர் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் அனுப்புவார். அதைத் தின்று வளர்ந்தவள் கல்யாணமாகிக் கோட்டைமேட்டுக்கு வந்த பிறகும் வருஷத்துக்கு ஒரு ஜாடி போட்டுவிடுவாள். யூனுஸ் ஒரு நாளும் வாயில் வைத்ததில்லை. "பேட்டரித் தண்ணி," என்பார். மோட்டார் காயில் கட்டும் கடை அவருடையது. "கருகின மோட்டாரு நாத்தத்துல நாளெல்லாம் உக்காந்திருக்கறவரு பேசறாரு பாரு," என்பாள் அவள்.

அதனால் செய்முறையைப் படுக்கையில் இருப்பவளிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. அவள் பாதி சொல்லித் தூங்கிப்போவாள். விழித்ததும் விட்ட இடத்திலிருந்து சொல்வாள். வினிகரும் தண்ணீரும் சரிபாதி. உப்பு, கொஞ்சம் சர்க்கரை, மிளகு, கடுகு, பூண்டு, கீறின பச்சை மிளகாய், வில்லையாக அரிந்த பீட்ரூட். கொதிக்கவிட்டு, நன்றாக ஆறவிட்டு, அவித்து உரித்த முட்டைமேல் ஊற்ற வேண்டும். முட்டை முங்கியிருக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும்.

செய்வதென்று ஆனபின் நல்ல சரக்கு வேண்டாமா? அன்று காலை இட்ட நாட்டுக்கோழி முட்டை ஒரு டஜன், இன்னும் கதகதப்பாக, தேடி வாங்கி வந்தார். அவித்து உரிக்க உட்கார்ந்தால் ஓட்டோடு சதையும் பிய்ந்து வந்தது. பன்னிரண்டும் அம்மைத் தழும்பு விழுந்த முகங்களாக ஆயின. தட்டைக் கொண்டுபோய் அவளிடம் காட்டினார்.

நஃபீசாவின் தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை, ஆனால் சிரிப்பு அது.

"இன்னிக்கு இட்டதை யாராச்சும் ஊறுகாய்க்கு எடுப்பாங்களா? ஒரு வாரம் பழசு வேணுமுங்க."

பிறகு யோசித்தபோது அவருக்குக் காரணம் பிடிபட்டது. ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. புது முட்டையில் வெள்ளைக் கரு உள்தோலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். நாள் ஆக ஆக உள்ளே இருக்கும் வாயு துளை வழியாக வெளியேறும், பிடி தளரும். நல்லதையே வாங்கவேண்டும் என்று போனவர் செய்த தப்பு அது. நாற்பது வருஷம் மோட்டாரைப் பிரித்தவர், ஒரு முட்டையைப் பிரித்துப் பார்த்ததில்லை.

ஆனால் ஊறுவதற்கு எத்தனை நாள் என்று அவர் கேட்டபோதுதான் உண்மையான சிக்கல் வந்தது. "வெள்ளை ஊற ஒரு வாரம்," என்றாள். நர்ஸ் சொன்னது இரண்டு நாள், மூன்று நாள். அந்தக் கணக்கை யூனுஸ் யாரிடமும் சொல்லவில்லை.

ஊசியால் நாலு இடத்தில் குத்தினால் தண்ணீர் சீக்கிரம் உள்ளே போகுமே என்று ஊசியை எடுத்தார். மகள் ஆஃப்ரின் பீளமேட்டு ஆபீசில் லீவு சொல்லிவிட்டு வந்து கூடவே இருந்தாள். போனில் தேடிப் பார்த்துத் தடுத்தாள்.

"குத்தக்கூடாதாம் அத்தா. ஊசியோட சேந்து கிருமி மஞ்சக் கருவுக்குப் போயிருமாம். அங்க புளிப்பு போய்ச் சேர்றதுக்குள்ள அது வளந்துருமாம்."

ஊசியைக் கீழே வைத்தார். துளை போட முடியாதென்றால் தூரத்தைக் குறைக்க வேண்டும். சாயங்காலம் இரண்டு டஜன் காடை முட்டையோடு வந்தார்.

காடை முட்டையை அவித்தபின் உரிப்பதும் அவர் வழியில்தான். நஃபீசாவின் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு, கண்ணாடி டம்ளரில் வினிகர் ஊற்றி, ஒன்றை உள்ளே விட்டார். ஓடு சுண்ணாம்புதானே. புளிப்பு பட்டதும் உடம்பெல்லாம் குமிழ் கட்டியது. சோடா மாதிரி பொரிந்தது. முதலில் பழுப்புப் புள்ளிகள் உரிந்து நுரையாக மேலே வந்தன. முட்டை உருண்டு உருண்டு வெளுத்துக்கொண்டே போனது.

"இங்க பாரு, தானே சட்டையைக் கழட்டுது," என்றார்.

நஃபீசா கண்ணை விலக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "இத்தன வருஷம் எனக்கு இது தெரியாமப் போச்சே," என்றாள்.

அது திங்கள் சாயங்காலம். மற்றவற்றையும் ராத்திரியே வினிகரில் போட்டுவைத்தார். செவ்வாய் காலையில் ஓடு கரைந்து, தோல் வழுக்கிக்கொண்டு வந்து, இருபத்து நான்கும் ஜாடிக்குள் போயின. இன்று வியாழன்.

"அத்தா!" முன்னறையிலிருந்து ஆஃப்ரின் கூப்பிட்டாள். "அம்மா முழிச்சுட்டாங்க. உங்களைத்தான் கேக்கறாங்க."

நேற்று முழுக்கக் கண் திறக்காதவள் திறந்திருந்தாள். யூனுஸ் பாதி முட்டையைத் தட்டில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். வளையத்தைக் காட்டினார். அவள் பார்த்தாள். விழுங்க எதையும் கொடுக்கக்கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். புரையேறினால் தாங்கமாட்டாள். ஆனால் நாக்கை நனைக்கலாம். பஞ்சை ஜாடித் தண்ணீரில் தோய்த்து, நன்றாகப் பிழிந்து, அவள் கீழுதட்டிலும் நாக்கு நுனியிலும் தொட்டார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு புருவம் நெரிந்தது. இடது கண் சுருங்கியது. கன்னம் உள்ளே போனது. நாக்கு வெளியே வந்து உதட்டை ஒருமுறை துழாவியது.

"புளிக்குதாம்மா?" ஆஃப்ரின் குனிந்து கேட்டாள்.

நஃபீசா யூனுஸைத்தான் பார்த்தாள்.

"உப்பு கம்மிங்க."

ஆஃப்ரினுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. யூனுஸ் எழுந்துவிட்டார். "இரு, இப்பச் சரி பண்ணிக் கொண்டாரேன்."

சமையல்கட்டில் அவர் முட்டைகளை வடிகட்டியில் வடித்து, தண்ணீரை அடுப்பில் ஏற்றுவதைப் பார்த்து ரிஃபத் கேட்டாள், "எதுக்குங்க மச்சான் இவ்வளவு பாடு? ஒரு சிட்டிகை உப்பைத் தூவிப்போட்டு வாங்க. அக்கா பக்கத்துல உக்காருங்க."

"சும்மா தூவினா அடியிலயே உக்காந்துக்கும். ஒரு பக்கம் கரிக்கும், ஒரு பக்கம் சப்புனு இருக்கும். காய்ச்சினாத்தான் சமமாப் பரவும். சூட்டோட ஊத்தினா முட்டை ரப்பராயிரும், ஆறவிடணும். பத்தே நிமிஷம்."

"மோட்டாருக்காரரு," என்று தலையில் அடித்துக்கொண்டு ரிஃபத் முன்னறைக்குப் போனாள்.

உப்பு கரைந்தது. பாத்திரத்தைப் பச்சைத் தண்ணீர் நிறைந்த அகலமான பேசினில் இறக்கி வைத்தார். அடியும் பக்கமும் தண்ணீர் பட்டால் சீக்கிரம் சூடு இறங்கும். பேசின் தண்ணீரை இரண்டு முறை மாற்றினார். விரலின் பின்பக்கத்தைப் பாத்திரத்தில் வைத்துப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் வெதுவெதுப்பு. முன்னறையில் ஆஃப்ரின் குர்ஆனிலிருந்து யாசீன் ஓதிக்கொண்டிருந்தது ஒரே சீராகக் கேட்டது. பக்கம் திருப்பும்போது நிற்கும். மறுபடி தொடரும். ஒருமுறை நின்றது. பக்கம் திருப்புகிறாள் என்று நினைத்தார். மறுபடியும் பாத்திரத்தில் விரல் வைத்தார். ஆறியிருந்தது.

கரண்டியில் எடுத்துக்கொண்டு வாசற்படி வந்தபோது ரிஃபத் அக்காளின் கண்களை மூடிக்கொண்டிருந்தாள். ஆஃப்ரின் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து போர்வையைப் பிடித்திருந்தாள். அவர் கரண்டியை ஜன்னல் விளிம்பில், ஒரு சொட்டும் சிந்தாமல், வைத்தார். கட்டிலை நோக்கிக் கையை நீட்டினார்.

ரிஃபத்தின் கை குறுக்கே வந்தது. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"மச்சான். பாக்கலாமுங்க. தொடக்கூடாதுங்க."

அவருக்குத் தெரியாத சட்டமில்லை. மூச்சு போனதோடு நிக்காஹ் முடிந்துவிடுகிறது என்று அவர்கள் ஜமாத்தில் வழக்கம். புருஷன் மௌத்தானால் பெண்டாட்டி தொடலாம், குளிப்பாட்டலாம். பெண்டாட்டி மௌத்தானால் புருஷன் முகம் பார்க்கலாம், அவ்வளவுதான். மற்ற வீடுகளில் மற்ற ஆண்கள் இப்படிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறார். அவரும் கட்டிக்கொண்டார்.

குளிப்பாட்ட வந்த பெண்களில் ஒருத்தி கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "உதட்டுல செவப்பா இருக்குதே, ரத்தம் எதாச்சும் வந்துதா?" என்று கேட்டாள். "பீட்ரூட்டுங்க," என்றாள் ஆஃப்ரின். கதவு மூடிக்கொண்டது.

அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். கபரில் இறங்கி வாங்கிக்கொண்டது நஃபீசாவின் அண்ணனும் அவர் மகன்களும். யூனுஸ் மேலே நின்று மூன்று பிடி மண் போட்டார்.

மஃரிப் தொழுகைக்குப் பின் வீட்டில் ஆண்கள் முன்னறையில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். கட்டிலைச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள். மூன்று நாளைக்கு அந்த வீட்டில் அடுப்பெரியாது. பக்கத்து வீட்டிலிருந்து தேநீர் வந்தது. நஃபீசாவின் அண்ணன் இரண்டு வாய் குடித்துவிட்டு, இப்படி வீடுகளில் எல்லோரும் கேட்பதைக் கேட்டார்.

"மாப்பிள்ளை, கடைசி வார்த்தை என்னங்க? கலிமா சொன்னாளா?"

உள்ளறைக் கதவுக்குப் பின்னாலிருந்து ரிஃபத் முந்திக்கொண்டாள். "சொன்னாங்கண்ணே. நான் பாத்தேன். உதடு அசைஞ்சுது."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார்கள் இரண்டு மூன்று பேர். அண்ணன் யூனுஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் பக்கத்துல இல்லீங்க," என்றார் யூனுஸ்.

"எங்க போயிருந்தீங்க?"

"எங்கயும் போவலீங்க. சமையல்கட்டுல இருந்தேன்." தேநீர் டம்ளரைப் பாயில் வைத்தார். அது சரிவாக நின்றது, சரிப்படுத்தி வைத்தார். "உப்பு கம்மின்னு சொன்னா. அதைச் சரி பண்ணப் போனேன். எங்கிட்டச் சொன்னது அவ்வளவுதானுங்க."

மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை கிறீச்சிட்டது.

"எதுல உப்பு கம்மி?" அண்ணன் கேட்டார்.

"முட்டை ஊறுகாய்ல."

அவர் தலை குனிந்துகொண்டார். தோள் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "சின்னதுலயே அவ அப்படித்தானுங்க மாப்பிள்ளை," என்றார். "அந்தம்மா குடுக்கற கிண்ணத்துல உப்பை அள்ளிப் போட்டுக்குவா. ஊட்ல எங்களுக்கு ஆவாது. அவ மட்டும் திம்பா."

வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனபின் யூனுஸ் சமையல்கட்டுக்கு வந்தார். ஆஃப்ரின் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். முட்டைகளை வடிகட்டியோடு காலையிலேயே உள்ளே வைத்திருந்தாள். காய்ச்சின தண்ணீர் மேடையில், தட்டு மூடி, அப்படியே இருந்தது.

"இதை என்ன பண்றதுன்னு தெரியல அத்தா. கொட்டிரட்டுங்களா?"

"வேண்டாம் கண்ணு."

அகல வாய் ஜாடியை எடுத்து, முட்டைகளை ஒவ்வொன்றாக உள்ளே விட்டார். தண்ணீரை மெதுவாக ஊற்றினார். காலையில் அடியில் கிடந்தவை இப்போது ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்தன. உப்பு கூடினால் தண்ணீர் கனத்துவிடும். தன்னைவிட லேசானதை மேலே தள்ளும். தண்ணீருக்கு வெளியே நிற்கும் பாகம் ஊறாது, கெட்டுவிடும். ஒன்றை அமுக்கினால் இன்னொன்று எழுந்தது.

"மேல பாரத்துக்கு ஒரு சின்னக் கிண்ணம் எடுத்துட்டு வா."

ஆஃப்ரின் போனாள். அதுவரைக்கும் என்று சட்டைக் கையை மடித்து, ஜாடிக்குள் உள்ளங்கையை இறக்கி, எல்லாவற்றையும் சேர்த்து மூடிப் பிடித்தார். தண்ணீர் சில்லென்று இருந்தது. வழவழவென்ற சின்ன உருண்டைகள் உள்ளங்கையில் வந்து மெல்ல முட்டின. விலகின, மறுபடி வந்து முட்டின.

ஆஃப்ரின் கிண்ணத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். அவர் கையை எடுக்கவில்லை. அவளும் கிண்ணத்தை நீட்டவில்லை.