ஊருக்கு ஒரே வாய்

பட்டாசுக் கம்பெனியில் வெடிவிபத்து நடந்த மூன்றாம் நாளே ஊர் கூடி, தப்பு யார்மேல் என்று முடிவு செய்துவிட்டது. செத்துப்போன ஐந்து பெண்களில் நான்கு பேருக்கு உள்ளூரிலேயே அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று ஆள்கட்டு இருந்தது. அழகுமீனா மட்டும் ஆலங்குளத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். அவளுக்காகக் கேட்க இங்கே புருஷன் முனியராஜையும் மகள் சினேகாவையும் விட்டால் நாதியில்லை. ஆகவே அழகுமீனாதான் வெடிமருந்துத் தட்டைத் தரையில் வைத்து இழுத்தாள், அந்த உரசலில்தான் தீப்பிடித்தது என்று ஆயிற்று. எவ்வளவு வசதியான முடிவு பாருங்கள்.

முனியராஜுக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. அன்றைக்கு லாரியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தவன், நடந்ததைக் கண்ணால் பார்த்தான். நாலு பேர் உட்கார வேண்டிய அறையில் பதினோரு பேரை அடைத்திருந்தார்கள். சீசன், ஆர்டர் நெருக்கியது. இத்தனை பேரோடு இங்கே இருக்க மாட்டேன் என்று போர்மேனிடம் சொல்லிவிட்டு அழகுமீனா எழுந்து வாசலுக்கு வந்தாள். கூட ஒருத்தியும் எழவில்லை. வாசலில் நின்று, வாங்கடி என்று அவர்களைத் திரும்பிக் கூப்பிட்டாள். அப்போதுதான் அறை வெடித்தது.

ஊர்ப் பெரியவர் ஒச்சப்பன், முனியராஜுக்குப் பெரியப்பா முறை. வீடு தேடி வந்து அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டார். "ஏலே முனியராசு, செத்தவளுக்கு இனிமே நல்ல பேரு என்ன, கெட்ட பேரு என்னலே? ஆள அடைச்சு வச்சாகன்னு நீ சொன்னா கம்பெனிய ஒரேயடியா இழுத்து மூடிருவாக. தீவாளி வருது. அம்புட்டு வீட்லயும் அடுப்பு எரியணும்ல."

முதலாளி வெள்ளைத்துரை அந்தப் பக்கம் தலையே காட்டவில்லை. அவருக்கு என்ன அவசியம்? அவருக்காகப் பேசத்தான் ஒரு ஊரே இருந்ததே.

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். அன்றைக்கு வேலைக்கே போகாதவர்களும் சொன்னார்கள். முனியராஜ் மட்டும் பார்த்ததைச் சொன்னான். "அவ கையில ஒண்ணுமே இல்ல சார். வெறுங்கையோட வாசல்ல நின்னா." அதிகாரி அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். ஊரே ஒன்று சொல்கிறது, நீங்கள் ஒருவர் வேறு சொல்கிறீர்களே, பெண்டாட்டியைப் பறிகொடுத்ததில் குழம்பியிருக்கிறீர்கள், யோசித்து வாருங்கள் என்றார். அடுத்த வாரம் மறுபடி விசாரணை. விபத்தன்றே கம்பெனிக்குப் போட்ட சீல் அதுவரை அப்படியே இருக்கும்.

ஊர் தன்னை அடிக்கும் என்று முனியராஜ் எதிர்பார்த்தான். அடித்திருந்தால் தேவலை. யாரும் ஒரு சுடுசொல் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு வெள்ளைத்தாய் வழக்கம்போல அவனுக்குச் சோறு கொண்டுவந்து வைத்தாள். சினேகாவை முறைபோட்டு வீட்டுக்கு வீடு கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார்கள். பிள்ளை சாப்பிடும்போது, அவர்கள் பாட்டுக்குத் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். வேலையில்லை, ஆட்டை விற்றாயிற்று, மகனுக்குப் பீஸ் கட்டவில்லை. அவளுடைய அப்பன் பேரை ஒருத்தியும் எடுப்பதில்லை. பிள்ளை அதையும் சேர்த்து விழுங்கியது.

முனியராஜுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தன் அம்மா நாலு பேரைக் கொன்றவள் என்று நம்பிக்கொண்டு மகள் வளரக் கூடாது. அம்மா வெறுங்கையோடு நின்றாள் என்று அவளிடம் சொல்லியிருந்தான். அவளும் தலையாட்டியிருந்தாள்.

இரண்டாம் விசாரணைக்கு முந்தின சாயங்காலம் அவள் சாப்பிடாமலே திரும்பி வந்தாள். "யப்பா, நாளைக்கு நீயும் எல்லாரும் சொல்றதையே சொல்லிருப்பா. அவுக வீட்டுச் சோறு எனக்குத் தொண்டைக்குள்ள எறங்க மாட்டேங்குது."

அவன் அழுதான். அழுது முடித்து ஒரு கணக்குப் போட்டான். பொய் அதிகாரியோடு போகட்டும். உண்மை தன்னிடமும் மகளிடமும் இருக்கட்டும். ஊர் மொத்தமும் மறந்தாலும் இரண்டு பேர் நினைத்திருந்தால் அழகுமீனாவுக்குப் போதாதா என்று நினைத்தான்.

மறுநாள் அந்த வாக்கியத்தை அவனும் சொன்னான். ஒரு சொல் பிசகவில்லை. அதிகாரி நிம்மதியாக மூச்சு விட்டார். ஒச்சப்பன் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இரண்டொரு நாளில் கம்பெனிக்குப் போட்ட சீலும் நீங்கியது.

அன்று சாயங்காலம் வெள்ளைத்தாய் வீட்டு வாசலில் பெண்கள் கூடி நாளைய வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லோர் முகத்திலும் தெளிவு. வெள்ளைத்தாய் சினேகாவை முன்னால் உட்காரவைத்துத் தலை வாரிக்கொண்டிருந்தாள். முனியராஜைக் கண்டதும் சினேகா நிமிர்ந்தாள்.

"யப்பா, நீ ஆபீசருகிட்டச் சொன்னதுதான் நெசமா? அம்மாதான் அம்புட்டுப் பேரையும் கொன்னுச்சா?"

சீப்பு நின்றது. பெண்கள் அத்தனை பேரும் அவனைப் பார்த்தார்கள். அவர்களில் இரண்டு பேர் அதே அறையிலிருந்து தீக்காயத்தோடு தப்பி வந்தவர்கள். வாங்கடி என்று அழகுமீனா கூப்பிட்டதைக் காதால் கேட்டவர்கள். அவர்களும் அவன் வாயையே பார்த்தார்கள். இங்கே 'இல்லை' என்று பதில் சொன்னால் அது பிள்ளை வாய்வழியாகப் பள்ளிக்கூடம் போகும், ஊர் தாண்டும், மறுபடி சீல் விழும். அதற்குப் பிறகு இந்த மடியில் அவளுக்கு இடம் இருக்காது. இதையெல்லாம் முனியராஜ் அன்றைக்குக் கணக்குப் போட்டபோதே யோசித்திருக்க வேண்டும்.

"ஆமா தாயி" என்றான்.

சினேகா அழவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். வெள்ளைத்தாய் அவள் முடியை மூன்றாகப் பிரித்து, இறுக்கிப் பின்ன ஆரம்பித்தாள்.