சமையலறையிலிருந்து பால்கனிக்கு

நட்டாலியின் வீட்டுக்கு இன்னும் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. ஆனாலும் அதில் எந்தச் சன்னலைத் திறந்தால் எந்தப் பக்கத்துக் காற்று உள்ளே வரும் என்பது அவளுக்கு அத்துப்படி. பத்து காவான் என்ற ஊரில் புதிதாக எழும்பும் வீடுகளில் ஒன்றுக்கு முன்பணம் கட்ட வேண்டும் என்று அவளும் கணவன் வில்லியமும் சில வருடங்களாகச் சேர்த்து வந்தார்கள். அவனுக்கு ஜெலுத்தோங்கில் மோட்டார் சைக்கிள் பட்டறை. அவளுக்குப் பல் மருத்துவரிடம் பதிவேடு எழுதும் கிராணி வேலை. பாங்கில் போட்டால் கைக்கு எட்டும் காசு வாய்க்கும் எட்டிவிடும் என்று, மிச்சம் பிடித்ததை எல்லாம் பிட்காயினாக வாங்கி வைத்தாள்.

கண்ணால் பார்க்க முடியாத காசு அவளுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. அதனால் அதற்கு ஒரு வீடு கொடுத்தாள். கைப்பேசியில் ஒன்றுக்குப் பல வாலட்டுகள் திறந்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அறையின் பெயரை வைத்தாள்: வாசல், கூடம், சமையலறை, மாடிப்படி, கீழறை, பால்கனி.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்ததும் இருவரும் பாடாங் கோத்தா கடற்சுவரில் போய் உட்காருவார்கள். எதிர்க்கரை வெயிலில் உருகி நிற்கும். கப்பல்கள் நகர்கின்றனவா நிற்கின்றனவா என்று தெரியாது. அந்த மயக்கத்தில்தான் வீடு எழும்பும்.

“மாடிப்படி ரொம்பச் செங்குத்தா இருக்கும்மா. என் முட்டி தாங்காதுலா,” என்பான் வில்லியம்.

“கூடத்துல இருந்து கொஞ்சம் எடுத்துப் படியை அகலமாக்கிருவோம்,” என்பாள் அவள். விரல் கைப்பேசியில் ஓடும். கூடத்துக் காசு துளியாய்ப் படிக்குப் போய்ச் சேரும். அடுத்த வாரம் படி போதும் என்று தோன்றும். அதிலிருந்து கொஞ்சம் சமையலறைக்கு. அதற்கடுத்த வாரம் பால்கனியில் செம்பருத்தித் தொட்டி வைக்க இடம் பற்றாது, சமையலறையிலிருந்து பால்கனிக்கு. நகர்த்தும்போதெல்லாம் அவளுக்குச் சுவர்கள் நகரும் சத்தம்கூடக் கேட்கும்.

இந்த வருடம் வருமான வரி அலுவலகத்திலிருந்து, அவளுடைய கிரிப்டோ கணக்குக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. சூலியா தெருவில், காசு மாற்றும் கடைக்கு மேல்மாடியில் கணக்கு எழுதிக் கொடுக்கும் இஸ்ஸதியிடம் அதைக் கொண்டுபோனாள். இஸ்ஸதி கணினியில் பட்டியலை இறக்கிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

“அக்கா, என்னக்கா இது? முழுநேர வியாபாரிகூட இந்த ஆட்டம் ஆட மாட்டான்!”

“நான் எங்கம்மா ஆடினேன்? வீடுதானே கட்டினேன்.”

வீடு கட்டிய கதையை முழுக்கக் கேட்ட பிறகு இஸ்ஸதி பொறுமையாக விளக்கினாள். வாங்கியதை அப்படியே வைத்திருந்தால் அது சேமிப்பு. அடிக்கடி வாங்கி விற்றால் வியாபாரம், வரி உண்டு. அவள் வைத்த அறைப் பெயர்கள் வெளியே தெரியாது, வெறும் எழுத்தும் எண்ணும்தான். அதனால் காசு ஒவ்வொரு முறை வெளியேறியதையும் பட்டியல் விற்பனையாகக் காட்டுகிறது.

“வியாபாரம்னு முடிவு பண்ணிட்டா வரி, அதுக்கு மேல அபராதம். முன்பணம் கரைஞ்சிரும்க்கா. பட்டியல்ல ஒவ்வொரு வரிக்கும் நேரா எங்க இருந்து எங்க போச்சு, ஏன் போச்சுன்னு எழுதிக் குடுங்க. அப்புறம் ஒரு விஷயம். நகர்த்துறப்பெல்லாம் கட்டணம் பிடிச்சிருக்காங்க.”

கூட வந்திருந்த வில்லியம் தலையில் கை வைத்தான். “அப்ப கட்டிக் கட்டியே ஒரு கதவைத் தின்னுட்டோம்னு சொல்லு!”

மாலைகளில் ஜெலுத்தோங் பிளாட் வராந்தாவில் உட்கார்ந்து நட்டாலி எழுத ஆரம்பித்தாள். வெறும் எண்ணாய்த் தெரிந்த பட்டியல் வரி, தேதியைத் தொட்டதும் ஒரு ஞாயிறாக விரிந்தது. இது மழை பிடித்துக்கொண்டு பெட்டிக் கடைக்குள் ஒதுங்கிய நாள்; ‘கூரை ஒழுகுமோ என்ற எண்ணத்தில், வாசலிலிருந்து கூடத்துக்கு.’ இது வில்லியம் குழம்பூற்றிய பசெம்பூர்ப் பலகாரம் தின்று வாயெல்லாம் குழம்பாக இருந்த நாள். ‘சமையலறை பெரிதாக வேண்டும்.’ எழுதிக்கொண்டே அவள் அறை அறையாக நடந்தாள். சில நேரம் பேனாவை வைத்துவிட்டு, இல்லாத சன்னலோரம் நின்று கடலைப் பார்த்தாள். கீழே மோட்டார்கள் இரைந்தது அலைபோலக் கேட்டது.

ஒரு வரியில் கை நின்றது. கீழறை.

போன வருடம் வில்லியத்தின் முட்டி அறுவை சிகிச்சைக்கு அவசரமாகக் காசு வேண்டியிருந்தது. கீழறையை அப்படியே அவன் நண்பன் டெரிக்குக்கு விற்றார்கள். வாங்கிய விலையைவிட நல்ல விலை. டெரிக் வெள்ளிப் பணத்தை நோட்டாகக் கையிலேயே கொடுத்தான்.

வில்லியம் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். “அதையும் நம்ம வாலட்டுதான்னு எழுதிரும்மா. கீழறையில இருந்து படிக்குப் போச்சுன்னு. யாருக்குத் தெரியப்போவுது?”

“காசு படியில இல்லீங்களே.”

“இல்லன்னு உனக்கும் எனக்கும் டெரிக்குக்கும்தானே தெரியும்! ஒரு வித்ததைக் காட்டினா, மத்ததும் அப்படித்தான்னு நினைச்சிட்டா? வீடு போயிரும்லா.”

அவள் கண்ணை மூடினாள். வாசலைத் தாண்டிக் கூடத்தில் நடந்தாள். இடது பக்கம் கீழறைக் கதவு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் காற்று. அந்தப் பக்கம் கடல். அங்கே ஓர் அறை இருக்கிறது என்று எழுதினால், இனி அந்த வீட்டில் எந்தக் கதவைத் திறந்தாலும் உள்ளே என்ன இருக்கும் என்று அவளுக்கே நிச்சயமில்லாமல் போகும்.

“வித்தாச்சுங்க,” என்றாள். “இல்லாத ரூமுக்குள்ள நான் எப்படி நடக்குறது?”

வில்லியம் எதிர்த்துப் பேச வாயெடுத்தான். பிறகு குனிந்து முட்டியைத் தடவிக்கொண்டான். “எழுது போ,” என்றான்.

அவள் எழுதினாள்: ‘கீழறை. விற்பனை. கணவரின் சிகிச்சைக்கு.’

விளக்கம் சொல்ல அழைத்த நாளில் அலுவலகத்தில் ஃபரா என்ற அதிகாரி இருந்தார். இஸ்ஸதி மலாயில் மாற்றிக் கொடுத்திருந்த தாள்களை நிதானமாகப் படித்தார். வாலட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டச் சொன்னார். நட்டாலி வாசலிலிருந்து தொடங்கித் திறந்து காட்டினாள்.

“விற்றது இது ஒன்றுதானா?” என்று மலாயில் கேட்டார்.

“இது ஒன்றுதான், புவான். அந்த அறை இப்போது இல்லை.”

ஃபரா அந்த வரியில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். மற்றத் தாள்களைத் திரும்பவும் முதலிலிருந்து புரட்டினார். இம்முறை அவர் சரிபார்ப்பது போல இல்லை, யாரோ தன்னை வீட்டுக்கு அழைத்துப் போய்க் காட்டுவது போல மெல்லப் புரட்டினார். வாசலில் கொஞ்சம் நின்றார். படியில் ஏறினார். பால்கனிக்கு வந்தபோது அவர் பார்வை தாளைவிட்டு எங்கோ போயிருந்தது.

“இது சேமிப்புதான்,” என்றார் கடைசியில். “மற்றதெல்லாம் உங்களுக்குள்ளேயே நகர்ந்தது. ஒரு விற்பனையை வைத்து வியாபாரம் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். இந்தத் தாள்களைப் பத்திரமாக வையுங்கள்.” கோப்பை மூடப் போனவர் நிறுத்தினார். “புவான், தப்பாக நினைக்காதீர்கள். இந்த வீட்டில் குளியலறை எங்கே?”

நட்டாலி கண்ணை மூடி ஒரு சுற்று நடந்து பார்த்தாள். கூடம், சமையலறை, படி, மாடி. எங்கும் இல்லை.

அவள் வெளியே வந்ததும் வில்லியம் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றான். “என்னமா? என்ன சொன்னாங்க? சொல்லேன்லா!”

“வீடு நம்ம வீடுதாங்க,” என்றாள், சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்ட. “ஆனா குளிக்கிறதுக்கு மட்டும் ஜெலுத்தோங் பிளாட்டுக்கே வரணும்.”