சார் விட்ட இடைவெளி

திடீரென்று போய்விட்ட நாடக வாத்தியாருக்கு இரங்கல் கூட்டம். அவர் ஒத்திகை நடத்திய கூடத்திலேயே நாற்காலி போட்டிருந்தார்கள். பக்கத்து அறையில், உடைப் பெட்டிகளுக்கு நடுவே, நர்ஸம்மா தான் பேசப் போவதை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பகலில் ஆஸ்பத்திரி, சாயங்காலம் நாடகம் என்று ஓடியவள், வாத்தியாரின் செல்லம்.

நாடகக் குழுவில் இருந்த எலக்ட்ரீஷியன் எட்டிப் பார்த்தார். அரசன் வேஷம் எப்போதும் அவருக்குத்தான். நடிப்புக்காக இல்லை, தொப்பைக்காக என்று வாத்தியாரே சொல்வார்.

"கண்ணைத் தொடைச்சுக்கோம்மா. மை கரைஞ்சு பேய் மாதிரி இருக்கே. வந்தவங்க பயந்துடப் போறாங்க."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மனம் வாத்தியார் போன அந்தச் சாயங்காலத்திலேயே கிடந்தது.

வாத்தியாருக்கு ஒரு சட்டம் உண்டு. நடிப்பவர் பேச்சை நிறுத்தினால் யாரும் வசனம் எடுத்துக் கொடுக்கக் கூடாது. "அது மறதி இல்ல, மூச்சு. அதுல கை வெச்சா கையை ஒடிப்பேன்" என்பார். அன்று மகளை வழியனுப்பும் அப்பனாக நடித்துக் காட்டினார். நாற்காலியில் உட்கார்ந்து, "நீ போயிட்டு..." என்றவர் நிறுத்தினார். தலை மெல்லச் சாய்ந்தது. கூடமே இமை கொட்டாமல் பார்த்தது. நர்ஸம்மாவுக்கு உடம்பு சிலிர்த்தது. எத்தனையோ பேருக்கு நாடி பிடித்தவள், அவர் உதடு நீலம் பாய்வதைப் பார்த்தாள். விளக்கு வெளிச்சம் என்று நினைத்தாள். கடைவாயில் எச்சில் வழிந்த பிறகுதான் ஓடினாள்.

வாத்தியாரின் மனைவி உள்ளே வந்து ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தாள்.

"நீ பக்கத்துல இருந்தேன்றதுதாம்மா எனக்கு ஆறுதல். ஆக வேண்டியதைச் செஞ்சிருப்பே."

"இல்லக்கா. நாங்க உடனே எழுந்திருக்கல. நடிக்கிறாருன்னு நெனச்சுப் பாத்துக்கிட்டே இருந்தோம். இன்னிக்கு மேடையில அதைத்தான் சொல்லப் போறேன்."

"பாத்துக்கிட்டுன்னா?"

"ரசிச்சுக்கிட்டுக்கா."

அந்த அம்மாள் புடவை மடிப்பை நீவிவிட்டுக்கொண்டாள். "வீட்ல அவரு பாதிப் பேச்சுல நின்னா, என்னாச்சுன்னு ஒரு உலுக்கு உலுக்குவேன். திட்டுவாரு. அப்புறம் மீதியைச் சொல்லுவாரு."

பிறகு சொன்னாள்: "மேடையில அதைப் பேசாதே. நீ நல்லாச் சொல்லுவே. எல்லாரும் உருகிடுவாங்க, கலைஞனுக்கு எப்பேர்ப்பட்ட சாவுன்னு சொல்லுவாங்க. கைகூடத் தட்டுவாங்க. அதை உட்காந்து கேக்க என்னால ஆகாதும்மா."

நர்ஸம்மாவுக்குக் காது மடல் சுட்டது. மனப்பாரத்தை இறக்கி வைக்கத்தான் போகிறோம் என்று தன்னையே நம்ப வைத்திருந்தாள். ஆனால் முணுமுணுக்கும்போதே "நீ போயிட்டு" என்ற இடத்துக்குக் குரலைத் தாழ்த்திப் பார்த்தாயிற்று. எவ்வளவு நேரம் நிறுத்தினால் சபை அழும் என்று கணக்கும் போட்டாயிற்று.

அவளை மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஏறினாள்.

"சார்தான் எனக்கு 'ழ' ஒழுங்காச் சொல்லக் கத்துக்கொடுத்தாரு. ரொம்ப நல்லவரு." எங்கும் நிற்காமல் ஒரே ஓட்டமாகச் சொல்லிவிட்டு இறங்கினாள்.

"சாரோட செல்லப் பிள்ளையாம். நாலு வார்த்தை பேசத் தெரியல பாரு" என்றது பின்வரிசையில் ஒரு குரல். அவள் தலையை நிமிர்த்தவில்லை.