பாட்டில் இல்லாமல் நின்ற ஜம்ஜம்

பாப்பிரெட்டிப்பட்டியில் தன் தெருவுக்கு முதல் ஃப்ரிட்ஜை இறக்கிய நாளிலிருந்து, ஜவுளிக்கடை அப்துல் சுபான் குளிரைத் தானே கண்டுபிடித்தவர்போல நடமாடினார். "கெட்டுப்போச்சுங்கற பேச்சே இனி நம்ம வூட்டுல கெடையாது" என்று பாவாடைத் துணி வாங்க வந்தவர்களிடமெல்லாம் அறிவித்தார்.

மனைவி ரஹமத் பீவியின் நினைப்பெல்லாம் வேறொன்றில். ஹஜ்ஜுக்குப் போய்வந்த தம்பி முனாப், மக்காவின் ஜம்ஜம் தண்ணீர் ஒரு பாட்டில் தந்திருந்தான். எதை வேண்டிக் குடிக்கிறோமோ அது நடக்கும். இரண்டு முறை கரு தங்காத மகள் வஹிதா, மூன்றாவதைச் சுமந்துகொண்டு இன்று வருகிறாள்.

விடிந்து பார்த்தால் அலமாரியில் பாட்டில் இல்லை.

"என்னங்க, ஜம்ஜம் எங்க?"

"ஃப்ரீசர்ல. இனி பத்து வருஷமானாலும் கெடாது."

"அது எப்பவுமே கெடாதுங்க!"

கதவைத் திறந்தாள். வெண்புகை சோம்பலாக இறங்கி அவள் பாதத்தில் படுத்தது. வாய்வரை நிறைந்திருந்த தண்ணீர், உறைந்து பெருத்து, பாட்டிலை உடைத்துத் தள்ளியிருந்தது. சுற்றிலும் கண்ணாடிச் சில்லுகள். நடுவே தண்ணீர், பாட்டில் இல்லாமல், பாட்டிலாகவே நின்றது. அதன் நெஞ்சுக்குள் குமிழிகள் வெள்ளைச் சிறகாக விரிந்திருந்தன. ஓடவென்றே பிறந்ததை யாரோ ஒரு சொல் சொல்லி நிறுத்தினாற்போல. ஒரு கணம் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை.

"கம்பெனிக்காரன் அஞ்சு வருஷம் கேரண்டி குடுத்திருக்கான்" என்றார் சுபான், குரல் இளைத்து.

"ஃப்ரிட்ஜுக்குக் குடுத்தான். என் பேரப்புள்ளைக்கா குடுத்தான்?"

சில்லுகளைப் பொறுக்கினாள். பனிக்கட்டியின் மேல்தோலை நீரூற்றிக் கரைத்து, மல்லிகைச் செடிக்கு விட்டாள். மிச்சத்தை, நாலாக மடித்த மல் துணி கட்டிய சொம்பின்மேல் வைத்தாள். சொட்டு. நெடுநேரம் கழித்து இன்னொரு சொட்டு. பஸ் இறங்கி வந்த வஹிதாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். வீடே அந்தச் சொட்டுகளுக்குள் மெல்ல மிதந்தது.

கட்டி கரைந்து முடிந்ததும் வஹிதா கை நீட்டினாள். அம்மா கொடுக்கவில்லை.

"தூள் இருந்துட்டா? என்னங்க, மொதல்ல நீங்க குடிங்க."

"நானா?"

"வெச்சது நீங்கதானே!"

சுபான் தொப்பியைச் சரிசெய்து, மேற்கே திரும்பி நின்று, ஒரு மிடறு வாங்கினார். நாக்கால் துழாவினார். முகம் சுளித்தது.

"சில்லு…"

ரஹமத் பீவி சொம்பை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். வஹிதா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"…சில்லுனு இருக்குன்னு சொல்ல வந்தேன். பல்லு கூசுது."

"போங்க அத்தா!" என்று சிரித்துக்கொண்டே எழுந்த வஹிதா, சொம்பை வாங்கி, சிரிப்பு அடங்கும்வரை கண்மூடி நின்றாள். பிறகு குடித்தாள்.